ஆஸ்திரேலியச் சிவப்பு

அந்தச் சிவப்பு மணல் குப்பியை மட்டும் என்னிடம் கொடுத்துவிடுங்கள். மற்றதையெல்லாம் பெட்டியில் எப்படி வேண்டுமானாலும் போடலாம், உடைந்தாலும் பரவாயில்லை. இதற்கு ஒரு கதை உண்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தக் கதையை நானே பல வருஷமாக நம்பவில்லை. நம்பாமலேதான் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லும்போது நம்புகிற மாதிரி இருக்கும். அவர்கள் எழுந்து போன பிறகு இருக்காது.

உட்காருங்கள். அலமாரி ஏற்றுகிற வண்டி புறப்பட்டுவிட்டது என்று சொல்கிறார்களா? அப்படியானால் இனிமேல்தான் டீ குடிக்கப் போகிறார்கள். நேரம் இருக்கிறது.

அலமாரி நல்ல அலமாரி. உங்கள் பேக்கரியில் மக்ரூன் அடுக்க இதைவிட நல்லது தூத்துக்குடியில் கிடைக்காது. தூசி புகாது, எறும்பு ஏறாது. நடுத் தட்டில் உள்ளேயே விளக்கு இருக்கிறது பாருங்கள். இந்தச் சிவப்புக் குப்பிக்காகப் போட்டது அது. ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்டீர்கள். இந்த இடத்தில் ஒரு கட்டில் போட வேண்டும். என் மனைவி மேபல் அளந்து பார்த்துவிட்டாள். கட்டிலிலிருந்து எழுந்து குளியலறை வரை நேராக நடந்தால் நடுவில் எதுவும் தட்டக் கூடாதாம். அலமாரி தட்டுகிறது. அவ்வளவுதான் காரணம். கட்டில் யாருக்கு என்பதும் இந்தக் கதையில்தான் வருகிறது.

நான் உப்புக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவன். பகலெல்லாம் உப்பு, வீட்டுக்கு வந்தால் மணல். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கன்னியாகுமரிக்கு எக்ஸ்கர்ஷன் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே ஏழு நிற மணல் என்று சின்னச் சின்னப் பொட்டலமாக விற்பார்கள், பார்த்திருப்பீர்கள். மற்ற பையன்கள் திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே பொட்டலத்தைப் பிரித்து ஒருத்தன் தலையில் ஒருத்தன் கொட்டினார்கள். நான் கொட்டவில்லை. அதுதான் ஆரம்பம். பெரிய காரணமாக எதையாவது சொல்லலாம் என்று நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். வேறு எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு யார் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு பிடி மணல் கேட்பேன். வேளாங்கண்ணி போனவர்கள் எண்ணெயோடு மணலும் கொண்டு வந்தார்கள். துபாய் போனவர்கள் பேரீச்சம்பழத்தோடு மணலும் கொண்டு வந்தார்கள். எல்லாம் ஒரே அளவுக் குப்பி. ஊர்ப் பெயரும் கொண்டு வந்தவர் பெயரும் எழுதி ஒட்டுவேன். ஒட்டுவதற்கு முன்னால் லென்ஸில் பார்ப்பேன். வெறும் கண்ணால் பார்த்தால் மணலில் ஒன்றுமே கிடையாது. லென்ஸில் பார்க்கவேண்டும். ஒரு கடற்கரையில் எல்லாம் சிப்பித் தூளாக இருக்கும். இன்னொன்றில் கண்ணாடிச் சில்லு மாதிரி மணி மணியாக இருக்கும். இரண்டு ஊர் மணல் ஒன்றுபோல இருந்து நான் பார்த்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

ஆபீஸில் அருளப்பன் என்று ஒருவர். எல்லார் முன்னாலும் கேட்டார்:

"சார், உங்க வாயில யாராவது மண்ண அள்ளிப் போட்டா என்ன செய்வீங்க?"

"எந்த ஊர் மண்ணுன்னு கேப்பேன்."

அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மேபலுக்கு ஒரே தம்பி, தனசிங். அவன் கப்பலில் வேலைக்குப் போனான். அதற்குப் பிறகுதான் இந்த அலமாரியே செய்தேன். அதுவரை செருப்புப் பெட்டியில்தான் வைத்திருந்தேன். லீவில் வந்தால் நேரே இங்கேதான் வருவான். அப்பா அம்மா இல்லை, கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை. வாசலில் பையை இறக்குவதற்கு முன்னாலேயே சத்தம் கேட்கும்.

"அத்தான், லென்ஸ எடுங்க!"

"ஏல, அக்கான்னு ஒருத்தி இங்க நிக்கேன்" என்பாள் மேபல்.

"நிக்கியா? நல்லா நில்லு. அத்தான், இது டர்பன், தென்னாப்பிரிக்கா."

ஒவ்வொரு மணலுக்கும் அவனிடம் ஒரு கதை இருக்கும். ஒரு துறைமுகத்தில் கஸ்டம்ஸ்காரன் பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்தானாம். "எங்க அக்கா மாப்பிள்ளைக்குன்னேன், அத்தான். அவரு இத வச்சு என்ன செய்வாருன்னான். பாப்பாருன்னேன். வேறன்னான். வேற ஒண்ணுஞ் செய்ய மாட்டாரு, பாப்பாரு, அவ்வளவுதான்னேன். என் மூஞ்சியப் பாத்தான். பாவம்னு விட்டுட்டான்."

நானும் அவனும் லென்ஸுக்குச் சண்டை போடுவோம். இதுல பச்ச கெடக்கு பாருங்க என்பான். அது பச்சை இல்லடா, நீலம் என்பேன். "உங்க கண்ணுலதான் கோளாறு" என்பான். மேபல் இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு மூன்றாவது தடவை கூப்பிட மாட்டாள்.

பிறகு ஒரு தடவை அவன் வர ரொம்ப நாளானது. காண்ட்ராக்ட் நீண்டுவிட்டது என்றான் போனில். வந்தபோது கைக்குட்டையில் முடிந்து இந்தச் சிவப்பை நீட்டினான்.

அத்தனை சிவப்பு மணலை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று எல்லாரிடமும் சொல்லுவேன். உங்களிடம் சொல்லவில்லை. அவனிடம் "எங்கேருந்து?" என்றேன். எப்போதும் முதலில் கேட்கிற கேள்வி அது. உண்மையைச் சொன்னால், அதற்கு மேல் நான் அவனிடம் எதுவும் கேட்டதாக ஞாபகம் இல்லை.

"ஆஸ்திரேலியா. போர்ட் ஹெட்லண்ட். இரும்புத் தாது ஏத்தப் போனோம். ஊரே செவப்பு அத்தான். ரோடு செவப்பு, நாய் செவப்பு, சட்டையத் தொவச்சா தண்ணி செவப்பு."

லென்ஸை அவனிடம் நீட்டினேன்.

"நீங்க பாத்துச் சொல்லுங்க. நான் கேக்கேன்."

இவனா சொல்கிறான் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. களைப்பு என்று எடுத்துக்கொண்டேன். நான் பார்த்துச் சொல்லச் சொல்ல அவன் கேட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு மணியும் உருண்டை, ஒவ்வொன்றுக்கும் மேலே துரு பூசின மாதிரி சிவப்பு. நடுவில் ஒரு நார் கிடந்தது. சின்ன இழைதான். பனை நார்.

இதை அவனிடம் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் சந்தேகம் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் எதையும் விசாரிக்காமல் முடிவு பண்ணுகிறவன் இல்லை. ஆஸ்திரேலியாவில் பனை உண்டா என்று தேடினேன். பாலைவனத்துக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில் பனை ஜாதி மரம் இருக்கிறது என்று போட்டிருந்தது. எனக்கு நிம்மதியாகப் போய்விட்டது. அந்தப் பள்ளத்தாக்கு துறைமுகத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்க்கவில்லை. காற்று அடித்திருக்கும்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு விளக்குப் போட்டேன். வருகிறவர்களுக்கு முதலில் இதைத்தான் காட்டுவேன். ஒரு தடவை எங்கள் பாஸ்டர் வந்தார். குனிந்து பார்த்துவிட்டு, "இது நம்ம தேரி மண்ணு மாதிரில்லா இருக்கு?" என்றார்.

"இரும்பு இருந்தா எந்த நாட்டிலேயும் சிவப்புதான் பாஸ்டர்" என்றேன், சிரித்துக்கொண்டே. அவர் ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்.

தேரி உங்களுக்குத் தெரியும். திருச்செந்தூர் பக்கம் சிவப்பு மணல் மேடு மேடாகக் கிடக்கிறதே, பனையும் முந்திரியுமாக. மேபலுக்குச் சொந்த ஊரே அந்தப் பக்கம்தான். பெண் பார்க்கப் போனபோது என் வெள்ளை வேட்டி ஓரமெல்லாம் சிவப்பாகிவிட்டது. எத்தனையோ தடவை அந்த வழியாகப் போயிருக்கிறேன். இந்த அலமாரியில் தேரி மணல் மட்டும் இல்லை. யாரும் கொண்டு வரவில்லை, நானும் எடுக்கவில்லை. நம் ஊர் மண்ணை யார் சேர்த்து வைப்பார்கள்?

அதற்குப் பிறகு தனசிங் கொண்டு வந்த மணல்களைப் பற்றி என்ன சொல்ல. பிரேசில் என்றான், ஓமன் என்றான். எல்லாம் பார்த்த மாதிரியே இருந்தது. பிரேசில் மணலை லென்ஸில் பார்த்தேன், இங்கே பக்கத்து மணப்பாட்டுக் கடற்கரை மாதிரியே இருந்தது. இரண்டு ஊர் மணல் ஒன்றுபோல இருக்காது என்று சொன்னேன் இல்லையா?

அவன் நடத்தையும் மாறிவிட்டது. முன்னெல்லாம் வந்தால் ஒரு வாரம் தங்குவான். இப்போது காலை பஸ்ஸில் வந்து, பொழுது சாய்வதற்கு முன்னால் கிளம்பிவிடுவான். இரு, ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றால் பதறுவான். உள்ளே வரும்போது பூனையை மிதித்தான். மேபல் நீட்டின காபியை வாங்குவதற்குள் தட்டிவிட்டான். எல்லாம் நிலைகொள்ளாத ஆளின் லட்சணம். முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். என்னிடம் பேசும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டான். என் காதுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்துக்கொண்டு பேசுவான். மடியில் கனம் இருக்கிறவன் அப்படித்தான் பார்ப்பான். எனக்கு லென்ஸே தேவைப்படவில்லை.

உறுதியானது மேபலுடைய சித்தப்பா இறந்தபோது. தேரிக்குள் இருக்கிறது கல்லறைத் தோட்டம். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து ஷூவைக் கவிழ்த்தேன். கொட்டினதை எடுத்து லென்ஸில் வைத்தேன். துக்க வீட்டிலிருந்து வந்து குளிக்கக்கூட இல்லை. அதே உருண்டை, அதே துரு. பக்கத்திலேயே ஆஸ்திரேலியாவை வைத்துப் பார்த்தேன். நாரும் அதே நார்.

கோபம் வந்ததா என்று கேட்காதீர்கள். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒன்றும் வரவில்லை. சனிக்கிழமைதோறும் துடைக்கிற அலமாரியை அடுத்த சனிக்கிழமை துடைக்கவில்லை. அதற்கு அடுத்த சனிக்கிழமையும். யாரோ இலங்கையிலிருந்து மணல் கொண்டு வந்தார்கள், நன்றி சொல்லி வாங்கி மேசை டிராயரில் போட்டேன். அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது. இந்தச் சிவப்புக் குப்பி ஒன்று பொய் என்றால் அதை எடுத்து எறிந்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளலாம் இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்தேன். முடியவில்லை. டர்பனைப் பார்த்தாலும், உண்மையாகவே டர்பன்தானா என்று தோன்றியது. வேளாங்கண்ணியைப் பார்த்தாலும் தோன்றியது. எல்லாம் வெறும் மணலாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. ஊர்க்காரர்களுக்கெல்லாம் முதலிலிருந்தே அப்படித்தான் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் இத்தனை வருஷம் பிடித்தது.

அடுத்த தடவை தனசிங் வந்தான். அப்போதும் வாசலிலிருந்து அதே சத்தம்.

"அத்தான், லென்ஸ எடுங்க!"

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "வை. பிறகு பாக்கேன்" என்றேன்.

அவன் மணல் போட்ட ஒரு கண்ணாடிக் குப்பியை நீட்டினபடியே நின்றான். நான் வாங்கவில்லை. பிறகு மேசையில் வைத்தான். மேசையில் எங்கே வைத்தான், விளிம்புக்கு வெளியே வைத்தான். கீழே விழுந்து உடைந்தது. வீம்புக்குப் போட்டு உடைக்கிறான் என்றுதான் நினைத்தேன். அவன் குனிந்து பொறுக்கவும் இல்லை. "எங்க விழுந்துச்சு?" என்றான். காலடியில் கிடக்கிறது, எங்கே விழுந்தது என்று கேட்கிறான். நான் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. மேபல்தான் வந்து கூட்டினாள். கூட்டும்போது எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவன் வரவே இல்லை. கிறிஸ்மஸுக்கும் இல்லை, அடுத்த கிறிஸ்மஸுக்கும் இல்லை. அக்காவுக்குப் போன் மட்டும் வரும். ஒரு தடவை நான் எடுத்தேன்.

"எங்கடா இருக்க?"

"கப்பல்லதான் அத்தான். நடுக்கடல்."

பின்னால் மயில் கத்தியது. நடுக்கடலில் மயில். நான் சரி என்று மேபலிடம் கொடுத்துவிட்டேன்.

அன்றைக்கு அவள் போனை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அவன் கப்பல்ல இல்ல."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"மணல்ல தெரிஞ்சுது. ஒனக்கு எப்படித் தெரியும்?"

"சட்டையில. ஒரு தடவ இங்க வச்சுத் தொவச்சுப் போட்டேன். அந்தக் கறை எங்க ஊர்க் கறை, லேசுல போகாது. தேரிக்குள்ள ஒரு முருங்கைத் தோட்டத்துல காவலுக்கு இருக்கான். கப்பல்ல வேண்டாம்னுட்டானாம். ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கான். வயித்துக்குச் சாப்பிடுதான்னு நானும் விட்டுட்டேன்" என்றாள்.

"அப்ப என்கிட்ட எதுக்கு அத்தன வருஷம் பொய் சொன்னான்?"

"வெறுங்கையோட வந்தா நீங்க அவன்கிட்ட என்ன பேசுவிய?"

கேள்வியே சரியில்லை என்று அப்போது நினைத்தேன்.

போன மாதம் அந்தத் தோட்டக்கார அண்ணாச்சி போன் பண்ணினார். "உங்க மச்சினன் தொட்டிக்குள்ள விழுந்துட்டாரு சார். தண்ணி இல்லாத தொட்டிதான். காலு பெரண்டிருக்கு. நல்ல பகல், குடிக்கவும் மாட்டாரு. எப்படி விழுந்தாருன்னு எனக்கும் வெளங்கல."

"போயி கூட்டிட்டு வாங்க" என்றாள் மேபல்.

"நான் கேக்க வேண்டியத கேட்டுட்டுத்தான் கூப்பிடுவேன்."

"என்னத்தையும் கேளுங்க. ஆனா தம்பி இல்லாம திரும்பி வந்துராதிய."

இந்தக் குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் போனேன். இதை அவன் முகத்துக்கு நேரே நீட்டி, "இது எந்த ஊர்?" என்று கேட்க வேண்டும். வேறெதுவும் பேசக் கூடாது. பஸ்ஸில் போகும்போதே இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். சத்தமாக வேண்டாம், மெதுவாகக் கேட்டால்தான் உறைக்கும் என்று முடிவு பண்ணினேன். பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள்.

ரோட்டிலிருந்து இறங்கி உள்ளே நடக்க வேண்டும். உச்சி வெயில். ஒரு முந்திரி மரத்தடியில் காலில் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தான் தனசிங். மெலிந்திருந்தான். பக்கத்தில் ஒரு மோட்டார் கொட்டகை, அதிலிருந்து மரம் வரை ஒரு கயிறு கட்டியிருந்தது. துணி காயப்போடுவதற்கு என்றால் அவ்வளவு தாழ்வாக யாரும் கட்ட மாட்டார்கள். இடுப்பு உயரம்தான் இருந்தது. கயிற்றில் துணியும் இல்லை. இதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் போனேன். பார்த்தேன், அவ்வளவுதான்.

மணலில் நடந்தால் சத்தம் கேட்காது. அவனுக்கு நேர் முன்னால் போய் நின்றேன். நிமிர்ந்தான்.

"யாரு? அண்ணாச்சியா? மோட்டார அமத்திட்டேன்."

என்னைத் தெரியாத மாதிரி நடிக்கிறான் என்று நினைத்தேன். இவ்வளவு தூரம் வந்த பிறகுமா என்று அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. ஒன்றும் பேசாமல் குப்பியை எடுத்து அவன் முகத்துக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் பிடித்தேன். அவன் என் காதுக்குப் பக்கத்தில் பார்த்தான், எப்போதும் பார்க்கிற மாதிரியே. நான் குப்பியை அந்தப் பக்கமாகக் கொண்டு போனேன். பிறகு இந்தப் பக்கமாகக் கொண்டு வந்தேன். கண் கூடவே வரவில்லை.

குப்பிக்குள் மணல் அசைந்தது. அந்தச் சத்தத்தில் அவன் முகம் மாறியது. பழைய சிரிப்பு.

"அத்தானா? அத்தான்தான? குப்பிச் சத்தங் கேக்கு. என்ன இந்தப் பக்கம்? கப்பல் கொச்சியில நிக்கு அத்தான். நாலு நாள் லீவு, சும்மா கூட்டாளியப் பாக்க இங்க வந்தேன். இந்தத் தடவ ஒங்களுக்கு மண்ணு எடுக்க முடியல, கோவிச்சுக்காதிய. அடுத்த தடவ..."

மயில் கத்தியது. அவன் பேச்சை நிறுத்திக்கொண்டான்.

கேட்க வேண்டிய கேள்வி கையில்தான் இருந்தது. குப்பியைத் திரும்பப் பையில் போட்டேன். அவன் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். உட்கார்ந்து கொஞ்ச நேரம் அவன் பார்த்துக்கொண்டிருந்த பக்கமாகவே நானும் பார்த்தேன். பிறகு கேட்டேன்.

"தனசிங்கு, ஒனக்கு எப்பயிருந்துடா கண்ணு தெரியல?"